மொஹாவி பாலைவனத்தில் 3 நாள்: விசித்திர இடங்களும் ஆளில்லா ஊர்களும், குடும்பத்தோடு

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் வழியில் எதையும் பார்ப்பதில்லை. பார்ஸ்டோவில் ஒரு காபி, கொஞ்சம் பெட்ரோல், அப்புறம் நேராக ஹோட்டல் வாசல். அந்தச் சாலையை ஒட்டியும் அதற்கு வடக்கேயும் பாட்டில்களால் ஆன மரங்கள், 134 அடி உயர வெப்பமானி, சில வருடங்களுக்குள் எழும்பி அடங்கிப்போன தங்கச் சுரங்க ஊர் என்று எவ்வளவோ இருக்கின்றன. வேகாஸின் விளக்குகளைவிடப் பிள்ளைகளுக்கு இவைதான் மனதில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பாதை இதுதான். முதல் நாள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கலிகோ, பேக்கர் வழியாக லாஸ் வேகாஸ். இரண்டாம் நாள் வேகாஸிலிருந்து பீட்டி என்ற சிற்றூர், அதை ஒட்டியுள்ள ரயோலைட் என்ற ஆளில்லா ஊர். மூன்றாம் நாள் டெத் வேலி என்ற பாலைவனத் தேசியப் பூங்கா, அங்கிருந்து 127-ஆம் எண் சாலையில் மறுபடி பேக்கர், வீடு. மொத்தம் சுமார் 750 மைல். எல்லாமே தார்ச்சாலை, சாதாரண செடான் கார் போதும்.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குழந்தைகளையோ பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு டெத் வேலிக்குப் போகவே வேண்டாம். கோடையில் அங்கே 49 டிகிரி செல்சியஸ் வழக்கமான பகல். 1913 ஜூலை 10-ஆம் தேதி அங்கே ஃபர்னஸ் கிரீக் என்ற இடத்தில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் உலக சாதனைக் கணக்கில் இருக்கிறது. 'ஏசி காரில்தானே போகிறோம்' என்று தோன்றும். டயர் பஞ்சரானால் அந்த ஏசி உதவாது.

குளிர்காலத்தில் வேறு ஒரு கணக்கு உண்டு. டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதனால் பார்க்கவேண்டியதை எல்லாம் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மெல்லிய சட்டை போதும், ராத்திரி பீட்டியில் கனத்த ஜாக்கெட் வேண்டும். அந்த ஊர் ஏறக்குறைய 3,300 அடி உயரத்தில் இருக்கிறது.

கிழமையும் முக்கியம். வெள்ளி மாலை ஊரே வேகாஸுக்குக் கிளம்பும், ஞாயிறு மதியம் ஊரே திரும்பும். அந்த நேரத்தில் 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் மாட்டினால் பிள்ளைகள் படும் பாடு சொல்லி முடியாது. ஞாயிறு காலை கிளம்பி செவ்வாய் மாலை திரும்பும்படி வையுங்கள். பள்ளி விடுமுறையில் இது எளிதாகவே அமையும்.

காரும் கட்டுச்சோறும்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். நாலு பேர் என்றால் எப்போதும் காரில் குறைந்தது நாலு கேலன் கையிருப்பு. குடிக்க எடுப்பது வேறு, இந்தக் கையிருப்பு வேறு. பெரிய பிளாஸ்டிக் கேனில் டிக்கியில் வைத்துவிட்டு, அதைத் திறக்கும் நிலைமை வராமல் வீடு திரும்பினால் சந்தோஷம்.

கிளம்பும் காலையில் டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் பாருங்கள். ஸ்டெப்னி டயர் உண்மையில் இருக்கிறதா என்று டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் காற்றடிக்கும் கருவி மட்டும்தான் இருக்கும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும்.

கலிபோர்னியாவில் 8 வயது நிரம்பாத, 4 அடி 9 அங்குலத்துக்குக் குறைவான பிள்ளைகள் பின் இருக்கையில் கார் சீட்டிலோ பூஸ்டரிலோதான் உட்காரவேண்டும். ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

செல்போன் சிக்னல் வேகாஸைத் தாண்டியதும் விட்டுவிட்டுத்தான் வரும், டெத் வேலிக்குள் பெரும்பாலான இடங்களில் இராது. வீட்டிலேயே அந்தப் பகுதி வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதோடு 95, 374, 190, 127 என்ற சாலை எண்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். குறுக்கு வழி என்று போன் காட்டும் மண் பாதைகளை நம்பிப் போய் டெத் வேலியில் உயிரை விட்டவர்கள் உண்டு. அந்தத் தாளில் இல்லாத மண் சாலையில் போன் திரும்பச் சொன்னால் திரும்பாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாளுக்குப் புளிசாதம், எலுமிச்சை சாதம், பொடி தடவிய இட்லி எல்லாம் தாங்கும். தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியில் வைத்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வேகாஸில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, அங்கே ராத்திரி சூடாகச் சாப்பிடலாம். இரண்டாம் நாள் பீட்டியில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு பிரெஞ்சு ஃப்ரை, சாலட் தாண்டிக் கிடைப்பது அரிது. வேகாஸிலிருந்து கிளம்பும்போதே பிரெட், பழம், தயிர், ஊறுகாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் யாராவது மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், மாத்திரைப் பை டிக்கியில் அல்ல, முன் சீட்டில்.

முதல் நாள்: பாட்டில் மரங்களிலிருந்து கல் கோபுரங்கள் வரை

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். விக்டர்வில்லில் கழிப்பறை வேலையை முடித்துக்கொண்டு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பழைய ரூட் 66 சாலையான நேஷனல் டிரெயில்ஸ் ஹைவேயைப் பிடியுங்கள். ஓரோ கிராண்டே ஊரைக் கடந்து கொஞ்ச தூரத்தில், இடது பக்கம் எல்மர்ஸ் பாட்டில் ட்ரீ ராஞ்ச்.

எல்மர் லாங் என்பவர் சிறு வயதில் அப்பாவோடு பாலைவனத்தில் பழைய பாட்டில்களைப் பொறுக்கியவர். அப்பா விட்டுப்போன அந்தச் சேகரிப்பை என்ன செய்வது என்று யோசித்து, 2000-ஆம் ஆண்டில் இரும்புக் குழாயில் கிளைகள் வைத்து, கிளைக்கு ஒரு பாட்டிலாகச் செருகி முதல் மரத்தை நட்டார். அப்படியே இருநூறுக்கு மேல் வளர்ந்துவிட்டது. 2019-இல் அவர் காலமானார், தோப்பு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் ஏதாவது ஒரு பழைய சாமான் இருக்கும்: தையல் மெஷின், பொம்மை வண்டி, துருப்பிடித்த சக்கரம். பிள்ளைகளிடம் 'உச்சியில் என்ன இருக்கிறது, கண்டுபிடி' என்று சொல்லிவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. காலை வெயில் பச்சை, பழுப்பு, நீலப் பாட்டில்கள் வழியாக விழுந்து மண்ணில் நிறம் நிறமாகக் கிடக்கும். அதற்காகத்தான் சீக்கிரம் கிளம்பச் சொன்னேன். அனுமதி இலவசம், உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள். தரையில் கண்ணாடிச் சில்லு இருக்கலாம், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

அதே பழைய சாலை உங்களை பார்ஸ்டோவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே பெட்ரோல் நிரப்புங்கள். யெர்மோ பக்கம் கோஸ்ட் டவுன் ரோடு என்ற வெளிவழியில் திரும்பினால் கலிகோ.

கலிகோ 1881-இல் வெள்ளிச் சுரங்கத்தால் உண்டான ஊர். உச்சத்தில் சுற்றிலும் ஐந்நூறு சுரங்கங்கள் இருந்தன. 1890-களின் நடுவில் வெள்ளி விலை விழுந்தது, தோண்டும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை, ஜனம் வெளியேறியது. 1951-இல் வால்டர் நாட் என்பவர் ஊரை விலைக்கு வாங்கிப் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டினார். நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கேளிக்கைப் பூங்காவின் அதே நாட்தான். 1966-இல் அதை சான் பெர்னார்டினோ மாவட்டத்துக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்.

ஆக, இங்கே நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி மறுகட்டுமானம். சிலர் இதைச் சொல்லிக் கலிகோவைத் தவிர்க்கச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் ஆளில்லா ஊராகப் பிள்ளைகளுக்கு இதுதான் சரி: குட்டி ரயில் இருக்கிறது, மேகி மைன் என்ற பழைய சுரங்கத்துக்குள் பத்திரமாக நடந்துபோகலாம், கழிப்பறை இருக்கிறது, சாப்பிட மேசை இருக்கிறது. சுரங்கம் உள்ளே எப்படி இருக்கும் என்பதை இங்கே காட்டிவிட்டால், பிறகு வழியில் மலைச்சரிவுகளில் தெரியும் கறுப்புப் பொந்துகளை ஏன் நெருங்கக்கூடாது என்று அவர்களுக்குப் புரிய வைப்பது எளிது. முக்கியத் தெரு மேடாக ஏறும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைப் பாதித் தூரத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மேலே போய் வரலாம். அனுமதிக்கு ஒரு கட்டணம், ரயிலுக்கும் சுரங்கத்துக்கும் தனித்தனி. கட்டுச்சோற்றை இங்கேயே பிரித்துவிடுங்கள்.

அடுத்தது பேக்கர். 134 அடி வெப்பமானி 1991-இல் நிறுத்தப்பட்டது, 1913-இல் டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் (மேலே சொன்ன 56.7 செல்சியஸ்தான்) நினைவாக அந்த உயரம். ஒரு படம், ஒரு கழிப்பறை நிறுத்தம், அவ்வளவுதான். பேக்கர் தாண்டி நீண்ட ஏற்றம் வரும். பழைய கார் என்றால் எஞ்சின் சூட்டு முள்ளைக் கவனியுங்கள், ஏறினால் ஏசியை நிறுத்திவிடுங்கள்.

நெவாடாவுக்குள் நுழைந்ததும் ஜீன் என்ற இடத்தில் இறங்கி லாஸ் வேகாஸ் பூல்வார்டில் வடக்கே போனால் செவன் மேஜிக் மவுண்டன்ஸ். சுவிஸ் கலைஞர் ஊகோ ரொண்டினோனே 2016-இல் அமைத்த ஏழு கோபுரங்கள். பாறை மேல் பாறையாக முப்பது அடிக்கு மேல் அடுக்கி, கண்ணைப் பறிக்கும் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் பூசியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு என்று வைத்தது, ஜனங்கள் விடவில்லை, காலம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். மாலை மூன்றரை, நாலு மணிக்குப் போய்ச் சேர்வது உத்தமம்.

வேகாஸில் அறை எடுக்கும்போது ஒரு விஷயம்: பெரிய ஹோட்டல்களில் லிஃப்டுக்குப் போகவே சூதாட்டக் கூடத்தைக் கடக்கவேண்டும், சிகரெட் புகையும் இருக்கும், 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அங்கே நிற்கக்கூடாது. காசினோ இல்லாத ஹோட்டல்கள் நிறைய உண்டு, குடும்பத்துக்கு அவைதான் நிம்மதி.

இரண்டாம் நாள்: ரயோலைட்

இந்தப் பயணமே இந்த ஒரு ஊருக்காகத்தான். அதனால் இந்த நாளில் வேறு எதையும் திணிக்காதீர்கள்.

95-ஆம் எண் சாலையில் வடமேற்கே இரண்டு மணி நேரத்தில் பீட்டி. அறைச் சாவி வாங்கும் நேரம் வரும் வரை ஊருக்குள் சுற்றுங்கள். காட்டுக் கழுதைகள் தெருவிலேயே உலாவும். பழைய சுரங்கக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போன கழுதைகளின் வம்சம் அவை. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் கடிக்கும், உதைக்கும். தீனி கொடுக்க வேண்டாம், கார்க் கண்ணாடியை இறக்காதீர்கள்.

பீட்டியிலிருந்து ரயோலைட்டுக்கு 374-ஆம் எண் சாலையில் சில மைல்தான். அங்கே போவதற்கு முன்னால், காரிலேயே பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள். கதை தெரியாமல் போனால் அது உடைந்த சுவர்தான்.

1904-இல் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இருவர் இந்தக் குன்றுகளில் தங்கத்தைக் கண்டார்கள். செய்தி பரவி, மறு வருடமே ஊர் முளைத்தது. மின்சாரம், தொலைபேசி, ரயில், பங்குச்சந்தை, இசை நாடக அரங்கு எல்லாம் வந்தன. உச்சத்தில் மூவாயிரத்து ஐந்நூறு முதல் ஐயாயிரம் பேர் வரை இருந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பிறகு 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் 1907 நிதி நெருக்கடியும் சேர்ந்து முதலீட்டை வற்றவைத்தன. 1911-இல் பெரிய சுரங்கம் மூடியது. 1916-இல் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஊர் உதித்து ஓய்ந்ததெல்லாம் ஒரு பிள்ளை பிறந்து ஆறாம் ஏழாம் வகுப்புக்குப் போகும் காலத்துக்குள். அந்த வயதுப் பிள்ளை உங்கள் காரில் இருந்தால் இதை அப்படியே சொல்லுங்கள்.

இப்போது ஊருக்குள் போங்கள். மூன்று மாடி குக் வங்கிக் கட்டடம் 1908-இல் கட்டியது. கூரையும் தளங்களும் போய் முகப்பு மட்டும் நிற்கிறது, ஜன்னல் இருந்த ஓட்டைகள் வழியாக வானம் தெரியும். இதற்கு இத்தாலியப் பளிங்கும் மஹோகனி மரமும் இறக்கினார்கள். இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம். அது கட்டி முடித்த 1909-இல் ஊர் காலியாக ஆரம்பித்திருந்தது. எனக்கு வங்கியைவிட அந்தப் பள்ளிக்கூடம்தான் அதிகம் மனதைத் தொடுகிறது.

டாம் கெல்லியின் பாட்டில் வீட்டைத் தவறவிடாதீர்கள். மரம் கிடைக்காத ஊரில் சாராயக் கடைகள் நிறைய இருந்தன. கெல்லி 1906-இல் சுமார் ஐம்பதாயிரம் காலி பாட்டில்களைச் சேர்த்து, செங்கல்லுக்குப் பதிலாக மண் சாந்தில் படுக்க வைத்துச் சுவர் எழுப்பினார். கிட்டே போய்ப் பாருங்கள்: பாட்டில்களின் அடிப்பாகம் வெளியே பார்த்தபடி வட்ட வட்டமாக வரிசை கட்டி நிற்கும், பெரும்பாலும் பீர் பாட்டில்கள். முதல் நாள் எல்மரின் மரங்களைப் பார்த்த பிள்ளைகள் இங்கே தாங்களாகவே நின்றுவிடுவார்கள்.

ஊர் வாசலிலேயே கோல்ட்வெல் திறந்தவெளி அருங்காட்சியகம், இலவசம். பெல்ஜியக் கலைஞர் ஆல்பர்ட் ஷுகால்ஸ்கி 1984-இல் செய்த, இயேசு சீடர்களோடு உண்ட 'கடைசி இராவுணவு' சிற்பம் இங்கே இருக்கிறது. உயிருள்ள ஆட்களை நிற்க வைத்து, பிளாஸ்டர் தோய்த்த துணியை அவர்கள் மேல் போர்த்தி, துணி இறுகியதும் ஆளை வெளியே எடுத்துவிட்டார். முன்னால் போய் நின்று முக்காட்டுக்குள் எட்டிப் பார்த்தால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. குனிந்த தோளின் வளைவும் நீட்டிய கையின் மடிப்பும் மட்டும் அப்படியே நிற்கின்றன. சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் பயப்படலாம். அவர்களை முதலில் பக்கத்தில் இருக்கும் இரும்புச் சுரங்கக்காரரையும் அவர் கூட நிற்கும் பெங்குவினையும் பார்க்கக் கூட்டிப்போங்கள்.

இங்கே சில விதிகளில் கண்டிப்பாக இருங்கள். வேலி தாண்டக்கூடாது, சுவரில் ஏறக்கூடாது. புதர், கல் இடுக்கில் கை விடக்கூடாது, சாரைப்பாம்பு அல்ல, கிலுகிலுப்பை விரியன் இருக்கும் பூமி இது. எலிப்புழுக்கை கிடக்கும் பழைய அறைகளுக்குள் நுழைந்து தூசி கிளப்பக்கூடாது, ஹாண்டா வைரஸ் அப்படித்தான் பரவுகிறது. கைவிட்ட சுரங்க வாயில்களுக்குப் பக்கத்தில்கூடப் போகவேண்டாம், தளம் இடியும், உள்ளே காற்றில் பிராணவாயு குறைவாக இருக்கும். முக்கியமாக, தரையில் கிடக்கும் துரு ஆணி, கண்ணாடித் துண்டு எதையும் எடுத்துவரக்கூடாது. அது மத்திய அரசு நிலம், எடுப்பது குற்றம். வருகிறவர் எல்லாம் ஒரு துண்டு எடுத்தால் அடுத்த தலைமுறைக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ராத்திரி பீட்டியில் சாப்பிட்டுவிட்டு, ஊர் விளக்கைத் தாண்டி காரை ஒதுக்கி நிறுத்தி வானத்தைப் பாருங்கள். நிலவில்லாத நாளாக இருந்தால் பால்வெளியே தெரியும்.

மூன்றாம் நாள்: டெத் வேலி, நாடக அரங்கு, வீடு

இன்று சுமார் 370 மைல். காலை ஏழுக்குள் கிளம்பவேண்டும். முந்தின இரவே பீட்டியில் டேங்க் நிரப்புங்கள். பூங்காவுக்குள்ளும் பெட்ரோல் உண்டு, விலைதான் கூடுதல்.

கிளம்பும் முன் டெத் வேலி தேசியப் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். பாலைவனத்தில் மழையா என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் மழையால் பூங்காவே பல வாரங்கள் மூடிக் கிடந்தது. சாலையில் தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் காரை இறக்காதீர்கள்.

நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். வீட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் முன்கூட்டியே இணையத்தில் அந்த வகுப்புக்கான இலவசப் பாஸ் எடுத்து அச்சிட்டு வாருங்கள், காரில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துச் செல்லும்.

முதலில் பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. காரை விட்டு இறங்கியதும் பின்னால் திரும்பி மலையைப் பாருங்கள், பாறையில் மிக உயரத்தில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் நொடியில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். உப்புவெளி சமதளம், பெரியவர்களும் தாராளமாக நடக்கலாம். திரும்பி வந்து ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், நிரப்பினால் பேட்ஜ் தருவார்கள். அடுத்து ஸப்ரிஸ்கி பாயிண்ட், சிறிய ஏற்றம்தான். இதோடு டெத் வேலி போதும். பத்து இடம் ஓடிப் பார்ப்பதில் ஒன்றும் இல்லை.

190-இல் கிழக்கே முப்பது மைல் போனால் டெத் வேலி ஜங்ஷன். ஒரு போராக்ஸ் (வெண்காரம்) கம்பெனி 1920-களில் கட்டிய வெள்ளைக் கட்டடங்கள். 1967-இல் நியூயார்க் நடனக் கலைஞர் மார்த்தா பெக்கெட் டயர் பஞ்சராகி இங்கே நின்றார். கைவிடப்பட்ட அரங்கைக் கதவு ஓட்டை வழியாகப் பார்த்து, வாடகைக்கு எடுத்து, 1968-இல் ஆட ஆரம்பித்தார். பார்க்க ஆள் வராத நாட்கள் இருந்ததால் சுவர் முழுக்க அரசர், அரசி, கன்னியாஸ்திரீகள் என்று பார்வையாளர்களை வரைந்துவிட்டார். 2012 வரை மேடை ஏறினார், 2017-இல் மறைந்தார். அமர்கோசா ஓபரா ஹவுஸ் என்று பெயர். உள்ளே பார்க்க வழிகாட்டியோடுதான் போகமுடியும், அதனால் நேரத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெட்ரோல் கிடையாது, தெற்கே ஷோஷோனில் கிடைக்கும்.

127-இல் பேக்கர் வரை ஏறக்குறைய எண்பது மைல் ஆளரவம் இல்லாத சாலை. எங்கேயாவது கார் நின்றுவிட்டால், எல்லோரும் காருடனேயே இருங்கள். பானட்டைத் திறந்து வைத்து, நிழலில் உட்கார்ந்து, கையிருப்புத் தண்ணீரைக் குடியுங்கள். உதவி தேடி நடந்துபோவதுதான் ஆபத்து. தேடி வருபவர்களுக்கு மனிதனைவிடக் கார் எளிதில் கண்ணில் படும். கிளம்பும்போதே வீட்டில் இருப்பவரிடம் 'இத்தனை மணிக்குள் பேக்கரிலிருந்து கூப்பிடுவேன், கூப்பிடாவிட்டால் 911-க்குச் சொல்' என்று சாலை எண்ணோடு சொல்லி வையுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் இன்றே வீடு போய்ச் சேர முயல வேண்டாம். பார்ஸ்டோவில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

இதில் ருசி கண்டுவிட்டால் அடுத்தது போடி. 8,375 அடி உயரத்தில், கலிபோர்னிய மாநிலப் பூங்காவாக 1962 முதல் இருக்கும் தங்கச் சுரங்க ஊர். கலிகோ மாதிரித் திரும்பக் கட்டவில்லை, விழாமல் மட்டும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். வீடுகளின் ஜன்னல் வழியே மேசை நாற்காலி எல்லாம் தூசியோடு தெரியும். அங்கே காலம் தலைகீழ்: குளிர்காலத்தில் பனி மூடிவிடும், கோடையில்தான் போகவேண்டும். 395-ஆம் எண் சாலையிலிருந்து பதிமூன்று மைல், கடைசி மூன்று மைல் மண் சாலை. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை அப்போது இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள்.